உயிரோடிருந்தவனுக்கு ஒப்பாரி

தூக்குத் தண்டனை வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். நான் ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் எனக்கு நல்ல பெயர்தான் இருந்தது. கையெழுத்து வாங்கக் கிளம்பினேன், அது போயிற்று.

முதலில் எங்கள் மாதா கோயில் வாசலில்தான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே எல்லோரும் வெளியே வந்தார்கள். என்னோடு பாடகர் குழுவில் இருக்கும் ஒருத்தி காகிதத்தைப் படித்துவிட்டு, "இவனுங்கள எல்லாம் நடு ரோட்ல நிக்க வச்சி சுடணும். இதுக்குப் போயி கையெழுத்தா?" என்றாள். "உள்ள இப்ப கும்பிட்டுட்டு வந்தியே, அவரு எப்படிச் செத்தாரு?" என்று கேட்டேன். "அது வேற" என்று சொல்லிவிட்டுக் கறிக்கடை வரிசைக்கு ஓடினாள். அவளுக்குக் கறி தீர்ந்துவிடுமே என்ற கவலை.

எங்கள் இயக்கத்தைப் பற்றியும் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் கூடுவோம். இயக்கத்தின் பெயரில் வரவேண்டியது 'ஒழிப்பா', 'எதிர்ப்பா' என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். அதற்குள் யாரையாவது தூக்கில் போட்டிருந்தால்கூட எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் அமைப்பாளர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மைக்கைப் பார்த்தால் விடமாட்டார். நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் அவர் வாயில் அது 'மக்கள் திரள்'தான்.

இந்த லட்சணத்தில் இருந்த எங்களை நம்பித்தான் ஒருத்தி வந்தாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் இருப்பவள், கூடையில் மீன் விற்பவள். அவள் மகன் மணலியில் ஒரு வீட்டில் திருடப் போய், அங்கே தனியாக இருந்த வயதான புருஷன் பெண்டாட்டியைக் கொன்றுவிட்டான். கீழ்க் கோர்ட்டு தூக்கு என்று சொல்லிவிட்டது. இனி ஐகோர்ட்டு அதை உறுதி செய்ய வேண்டும், இல்லை ஆயுளாகக் குறைக்க வேண்டும். அதுவரை அவன் புழல் ஜெயிலில் இருந்தான்.

அவன் செய்தவன்தான். இதை நான் ஒளிக்கவில்லை, அவன் அம்மாவும் ஒளித்ததில்லை. எங்கள் அமைப்பாளருக்குத்தான் அது வசதியாக இல்லை. "நிரபராதின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, மக்கள் திரண்டு வருவாங்க" என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் செஞ்சான் சார். செஞ்சவனக் காப்பாத்தத்தான உங்க கிட்ட வந்தேன். செய்யாதவன்னா நான் ஏன் உங்க கிட்ட வரப்போறேன்?"

அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் நானும் கூடப் போனேன். அந்தக் கூட்டத்தில் புத்தியோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்காகக் காசு வாங்காமல் வாதாடிய ஒரு வக்கீலம்மா ஒரே ஒரு உதவி கேட்டார். அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் யாராவது வந்து, அவன் எப்படி வளர்ந்தான், யாருக்கு என்ன நல்லது செய்தான் என்று சொல்லவேண்டும். பெற்றவள் சொன்னால் எடுபடாது, ஊரார் சொல்லவேண்டும். தூக்கா ஆயுளா என்று முடிவு செய்யும்போது கோர்ட்டு அதைப் பார்க்குமாம். சின்ன உதவிதான். ஆனால் குப்பத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அவன் கைதான நாளிலிருந்து அவள் வீட்டு வாசப்படியை யாரும் மிதிக்கவில்லை. ஏலத்தில் மீன் எடுக்கப் போனால் பக்கத்தில் நிற்பவள் கூடையைத் தள்ளி வைத்துக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். "எங்களுக்கு எதுக்கு பேஜாரு" என்பார்கள். சிலர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். ஒருநாள் அவள் நடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ள உசுரு இவங்க வாயில கீதுக்கா. தொறக்க மாட்டேங்கறாங்களே" என்றாள். எனக்கு அந்தக் குப்பத்தையே தூக்கிக் கடலில் போடவேண்டும் போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அமைப்பாளர் குப்பத்து முனையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கூட்டம் போட முடிவு செய்தார். பெரிய பிளெக்ஸ் வைக்கவேண்டும், அதில் அவன் படம் இருக்கவேண்டும், கறுப்பு வெள்ளையில் 'கனமாக' இருக்கவேண்டும் என்றார். அவரே போனில் எல்லாவற்றையும் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பினார். அவன் படம், பெயர், பிறந்த தேதி, கூட்டத்தின் தேதி, கீழே 'தூக்கை ஒழிப்போம்' என்று ஒரு வரி.

எங்கள் பக்கத்துப் பிளெக்ஸ் கடைகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்லவேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் பிறந்தநாளுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று தயாராக வைத்திருப்பார்கள். கறுப்பு வெள்ளையில் தனி ஆள் படம் வந்தால் அது எதற்கு என்று அவர்கள் யாரையும் கேட்பதில்லை. படத்தைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் கண்ணீர் விடும் ஒரு கண். பிறந்த தேதிக்கு மேல் 'தோற்றம்'. கூட்டத்தின் தேதிக்கு மேல் 'மறைவு'. ஒழிப்போம் என்ற வரி அடியில் எறும்பு அளவுக்கு இருந்தது. சனிக்கிழமை விடிவதற்குள் கடை ஆட்களே அதைக் கொண்டுவந்து குப்பத்து முனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடலுக்குக் கிளம்பியவர்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். அரசாங்கம் சத்தமில்லாமல் கதையை முடித்துவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் வீட்டைப் போய்ப் பார்த்தார்கள், பூட்டியிருந்தது. பிணத்தை வாங்கப் புழலுக்குப் போயிருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அவள் புழலுக்குப் போனது உண்மை. உயிரோடு இருந்தவனைப் பார்க்க, மனு போட்டுவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்காது. அன்றும் இறங்கவில்லை.

கூட்டத்துக்கு நாற்காலி போடலாம் என்று நான் மத்தியானம் போனபோது, நாற்காலி ஏற்கெனவே போட்டிருந்தது. பந்தல் போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தேர்தலில் நிற்கப்போகிற ஒருவர் ஆளுயர மாலையோடு உட்கார்ந்திருந்தார். கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் தலையை விரித்துப்போட்டு, கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் அமைப்பாளர் ஆட்டோவை விட்டு இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் மைக்கை எடுத்து, "இவ்வளவு பெரிய மக்கள் திரளை..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார், சாவு வூட்ல வந்து மீட்டிங் போட்டுகினு?" என்றார் ஒரு பெரியவர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "பிளெக்ஸ்லயே போட்டுகீது" என்றார்கள். அந்த நேரத்தில்தான் அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிளெக்ஸைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மகனோடு அப்போதுதான் பேசிவிட்டு வந்திருந்ததால் அவள் பிழைத்தாள். வேறு நாளாக இருந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள்.

அவளைக் கண்டதும் ஒப்பாரி இன்னும் உரக்க ஏறியது. பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் மூஞ்சியிலேயே கதவைச் சாத்தியவள், மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள்.

"அப்பன் கடலோட போன அன்னிக்கி வலையத் தூக்குனியே ராசா, வெள்ளத்துல வலி எடுத்த எம்பொண்ண மீன்பாடி வண்டியில ஏத்தி, கழுத்து முட்டும் தண்ணியில தள்ளிகினு போனியே ராசா, எம்பேரனுக்கு உசுரு குடுத்தியே ராசா..."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாங்கள் மாதக்கணக்கில் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். பெற்றவள் அந்த ஒப்பாரி முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைக்காமல் சொன்னாள்.

"எம்புள்ள உசுரோட கீறான். இப்பத்தான் பாத்துட்டு வரேன். நீ பாடுனத அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லுடி."

மேளம் நின்றது. ஒரு தாய்க்கு இப்படி ஒரு சேதி வந்தால் ஊர் என்ன செய்யவேண்டும்? எங்கள் ஊர் கோபப்பட்டது. "உசுரோட கீறானா? அப்ப இன்னிக்கி எங்க தொழிலு போனதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று ஒருவன் நாற்காலியை உதைத்தான். தேர்தல்காரர் மாலையைச் சுருட்டிக் காரில் வைத்துக்கொண்டார். காலடிப்பேட்டையில் வேறு ஒரு சாவு இருந்ததாம். பெண்கள் கூந்தலை முடிந்துகொண்டு ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். "செத்தவனப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லலாம். இருக்கறவனப் பத்தி எப்படிக்கா சொல்றது?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். எங்கள் அமைப்பாளர் மட்டும் அன்றைக்கே அந்தக் கூட்டத்தைப் போட்டோ எடுத்து, 'மரண தண்டனைக்கு எதிராகத் திரண்ட மீனவ மக்கள்' என்று போனில் போட்டுவிட்டார். அதற்கு நிறையப் பேர் கை தட்டியிருந்தார்கள்.

கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திதான் வந்தாள். அதுவும் தெருவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. நாங்கள் வேறு பஸ், அவள் வேறு பஸ். பாரிமுனையில் வக்கீலம்மா ஆபீஸில் உட்கார்த்தி வைத்தோம். ஜூனியர் டைப் அடிக்கத் தயாராக இருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் வக்கீலம்மா.

"நல்ல புள்ளதாங்க" என்றாள். அதற்குமேல் வரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு தரையையே பார்த்தாள். வெள்ளத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "இன்னாமோ ஒதவி செஞ்சான்" என்றாள். இவ்வளவுதான் என்றால் இதைக் கோர்ட்டில் வைக்க முடியாது என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார்.

பெற்றவள் தன் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கிப் பாடுனியே, அப்படியே பாடு."

"உசுரோட கீற புள்ளைக்கா? ஆவாதுடி. வாயில வக்காத."

"நான் பெத்தவ சொல்றேன். பாடு."

பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கூந்தலை அவிழ்த்து, மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். வலை வந்தது, வெள்ளம் வந்தது, மீன்பாடி வண்டி வந்தது. அன்று பந்தலில் நான் கேட்காததும் வந்தது. ஜூனியர் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வக்கீலம்மா கையைத் தூக்கினார். அவள் சட்டென்று நிறுத்தி, பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"நிறுத்தாதடி" என்றாள் பெற்றவள். "எம்புள்ள செத்துட்டான்னே நெனச்சிகினு பாடு."