பதினாறு புளியங்கொட்டை

எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் ஐயாவுவைப் பற்றி யாராவது விசாரித்தால், தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தத் தங்கமான மனிதரைப் பெற்றோல் கள்ளன் என்று முதன்முதலில் எழுதிக் கொடுத்தவன் நான். இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனதில் வைத்துவைத்து அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருந்த தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளாக்கர். பெற்றோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பீப்பாய் வைத்திருந்த அறையின் சாவி என் இடுப்பில் தொங்கும். ஐயாவு வந்து நின்றால் அளவுத் தகரத்தில் அளந்து ஊற்றுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைக் கிளாக்கரையா என்பார்.

அவர் வேலை இவ்வளவுதான்: தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனுக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். இறங்கப் பதினாறு மைல், ஏறப் பதினாறு மைல். மழையானால் சேறு, மழை விட்டால் மூட்டம். இருபது வருஷமாக அதே வளைவுகளைத் திருப்பித் திருப்பி அவருடைய வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. லொறியை நிறுத்தினால் சில்லில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்கு வாய் திறக்க மாட்டார். பேசவும் தெம்பு வேண்டுமே.

அந்த வருஷம் லொறியின் டயர்கள் தேய்ந்து உள்ளே இருந்த துணி தெரிந்தது. புது டயர் எங்கும் இல்லை. பட்டாளத்தில் இருந்த தன் சிநேகிதரிடம் சொல்லி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நான்கு டயர் வரவழைத்தார். பட்டாளத்து வண்டிக்கு ஆனவை. பழைய டயரைவிட நாலு விரல் உயரம் கூடுதல், கனமோ இரண்டு மடங்கு. மாத்தளையில் டயர் கடை வைத்திருந்த புஹாரி நானாவால் சில்லுக்கு மேலிருந்த மட்காட்டின் ஓரத்தை வெட்டித்தான் அவற்றைப் பூட்ட முடிந்தது.

"ஐயாவு, இது சேத்துல வழுக்காது. ஆனா உங்கட லொறி இதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறணுமே. நல்லாத் தின்னும்" என்றாராம்.

ஐயாவு சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு தேங்காயும் உடைத்து லொறியை எடுத்தார். துரைக்கு ஒரே சந்தோஷம். சேற்றில் லொறி நிற்காமல் வந்தது. ஸ்டேரிங்கைத் திருப்பத்தான் ஆனைப்பலம் தேவைப்பட்டது. கிருஷ்ணம்மா, அதாவது ஐயாவுவின் சம்சாரம், அவர் தோளுக்குக் காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்தாள். அவளும் மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள்தான்.

முன்பெல்லாம் ஒரு போக்குவரத்துக்கு மூன்று கலன் பெற்றோல் போதும். புது டயர் பூட்டியபிறகு நான்கு கேட்டார். ஊற்றினேன். மாத முடிவில் லொறியின் மைல் மீட்டரைப் பார்த்து எழுதப் போனபோதுதான் கணக்கு இடித்தது. பன்னிரண்டு தடவை போய்வந்ததாக ஓட்டப் புத்தகத்தில் ஐயாவு எழுதியிருந்தார், தடவைக்கு முப்பத்திரண்டு மைல். மீட்டரோ தடவைக்கு இருபத்தெட்டுத்தான் ஓடியிருந்தது. பன்னிரண்டு கலன் பெற்றோல் கூடுதலாகப் போயிருக்கிறது, ஓடிய மைல் குறைந்திருக்கிறது, அதை மறைக்கப் புத்தகத்தில் மைலைக் கூட்டி எழுதியிருக்கிறார். வேறென்ன நினைப்பது? கறுப்புச் சந்தையில் பெற்றோல் தேன் மாதிரி விலை போன காலம்.

நான் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது, பழி என்மேல் விழுந்துவிடுமோ என்று பயம். ஒரு தாளில் எழுதித் துரையின் மேசையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை சனத்துக்கும் முன்னால், துரை தன் தோட்டத் தமிழில் கத்தினார்.

"ஐயாவு! பெற்றோல் எங்கே போச்சு? மீட்டர் இருபத்தெட்டு சொல்றது, நீ முப்பத்திரண்டு எழுதறது!"

"தொரை, ரோடு சுருங்கலைங்களே. மாத்தளைக்குப் பதினாறு கல்லு, திரும்பப் பதினாறு கல்லு. அதத்தான் எழுதுனேன்."

"கள்ளன்!" என்றார் துரை. அடுத்த மாதக் கடைசிக்குள் சரியான பதில் சொல்லாவிட்டால் பத்துச்சீட்டு, பிறகு பொலிஸ் என்றும் சொன்னார். பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டுமல்ல, இருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். அவரும் கிருஷ்ணம்மாவும் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

பெரிய கங்காணி நல்லையா ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் களவு, வம்பு என்று எது வந்தாலும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது. அதனால் சத்தியம் செய்தவனை சனம் நம்பும், துரைமார்கூட ஏற்றுக்கொள்வார்கள்.

"மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? அடிச்சு அணைச்சிட்டுப் போ, ஐயாவு."

ஐயாவு மாட்டேன் என்றுவிட்டார்.

"அரசாங்கம் நட்ட கல்லு ரோடெல்லாம் நிக்குது. அத எண்ணிப் பாக்க ஒருத்தருக்கும் காலில்ல. ஆத்தாளத்தான் சாட்சிக்கு இழுக்கணுமா? மைலு எண்றதா அவ வேல?"

அவர் செய்த தப்பு அதுதான். களவு எடுத்தவர்தான் என்று சனம் முடிவு கட்டியது. கைசுத்தமானவன் கற்பூரத்துக்கு ஏன் பின்வாங்குகிறான்? பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன கிருஷ்ணம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். அவரைப் பார்த்து, "சத்தியம் பண்ணுனா என்னங்க கொறஞ்சு போகும்?" என்று கேட்டாள். அதற்கும் ஐயாவு மசியவில்லை. அன்றிலிருந்து எண்ணெய் தேய்ப்பதும் நின்றுபோனது. தோள்வலி எப்படி என்று நான் பிறகு கேட்டபோது இதை அவரே சொன்னார், எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது ஐயாவு ஸ்டோருக்கு வந்தார். இரண்டு கயிறுகளை என் மேசைமேல் போட்டார்.

"புஹாரி நானா அளந்து குடுத்தாரு. இது பழைய டயரோட சுத்தளவு. இது புதுசோடது. பாருங்க கிளாக்கரையா."

இரண்டையும் நீட்டிப் பார்த்தேன். புதியது ஒரு சாணும் நாலு விரலும் கூடுதல் நீளம்.

"மீட்டருக்கு ரோடு தெரியாது. சில்லு எத்தன தரம் சுத்துச்சுன்னுதான் தெரியும். பெரிய சில்லு ஒரு சுத்துக்கு கூடத் தூரம் போகுது. அதுனால சுத்து கொறையுது, மீட்டரும் கொறைச்சுச் சொல்லுது. நாளைக்கி என்கூட வந்து கல்ல எண்ணுங்க. அது போதும்."

போகாமலிருக்கச் சாக்குத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

தோட்டத்து வாசலில் பதினாறாம் கல். புறப்படும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டேன். ஐயாவு வலது சட்டைப்பையில் பதினாறு புளியங்கொட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கொட்டையை எடுத்து இடது பைக்கு மாற்றினார். ரத்தோட்டையில் எட்டுக் கொட்டை மாறியிருந்தது, மீட்டர் ஏழு காட்டியது. மாத்தளைக்குள் கடைசிக் கொட்டை மாறியபோது மீட்டர் பதினாலு.

திரும்பி ஏறும்போது இன்னொன்றும் தெரிந்தது. இருபது மூட்டை அரிசியோடு அந்தக் கனத்த சில்லுகளை உருட்டிக்கொண்டு ஏற லொறி பட்ட பாட்டை இருக்கையிலிருந்தே உணர்ந்தேன். முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் போட்டார். அதுவும் போதாமல் எஞ்சின் முனகியது. பெரிய பூட்ஸ் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவனுக்கு இரட்டிப்புச் சோறு வேண்டும்தானே. பெற்றோல் போன இடம் அதுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் படித்துத்தான் இருந்தேன், அன்றைக்கு லொறியில் உட்கார்ந்து பார்த்தேன்.

துரையிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஓ, டயர்!" என்று சிரித்தார். தடவைக்கு நான்கு கலன் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். பெரட்டுக்களத்தில் கத்தியதைப் பெரட்டுக்களத்தில் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. நல்லையா கங்காணி, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். மன்னிச்சிடுங்கண்ணே என்று சொல்ல நான் மூன்று தடவை லொறியடிக்குப் போனேன். மூன்று தடவையும் பெற்றோலைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன்.

ஐயாவு வேலையை விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? கிருஷ்ணம்மா மறுபடி எண்ணெய் தேய்த்தாள் என்று கேள்விப்பட்டேன். பீலிக்கு மட்டும் அவள் எல்லோரும் போனபிறகே போனாள்.

யுத்தம் முடிந்தது. அளவான டயர்கள் கிடைத்தன, பட்டாளத்து டயர்களைக் கழற்றி எறிந்தார்கள். மீட்டர் பழையபடி முப்பத்திரண்டு காட்டியது. பெற்றோலும் மூன்று கலனுக்கு இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நிம்மதியானேன்.

அதற்கு அடுத்த வருஷம், வேறு வேலையாக ஐயாவுவோடு லொறியில் மாத்தளைக்கு இறங்கினேன். பதினைந்தாம் கல் வந்தது. ஐயாவு வலது பைக்குள் கைவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்து இடது பையில் போட்டார். பதினாலாம் கல்லிலும் போட்டார். கொட்டைகள் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தன.

"இன்னும் எதுக்கு அண்ணே? அதான் எல்லாரும் நம்பிட்டமே" என்றேன்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க நம்பிட்டீங்க, கிளாக்கரையா. எனக்குத்தான் உங்கள நம்ப முடியல."

பதின்மூன்றாம் கல் வந்தது. இன்னொரு கொட்டையை மாற்றினார்.