உப்புக்குளத்தில் பஞ்சு வகுப்பு

பஞ்சைப் பிய்த்துப் பார்ப்பதற்குச் சம்பளம் தருவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் முதலில் சிரிப்பார், பிறகு உங்களுக்குச் சுகமில்லையோ என்று முகத்தைப் பார்ப்பார். ஊருக்குத் தெரியாத ஒரு தொழிலைப் படிப்பிக்கப் போய் மாட்டுப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பாடு அவர்களுக்கு உடனே விளங்கும். நான் மன்னார்ப் பேசாலைக்காரி. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு நூல் ஆலையில், வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கும் பஞ்சின் தரம் பார்க்கிற வேலையில் பல வருடம் இருந்தேன். உலகப் பஞ்சு வியாபாரத்தில் வேலை செய்ய இளம் ஆட்களைத் தயார்படுத்தும் வகுப்பொன்றை மன்னார் உப்புக்குளத்தில் தொடங்கப்போகிறோம், படிப்பிக்க வருகிறீர்களா என்று ஒரு பயிற்சி நிலையம் கேட்டது. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆள் பிடித்த கதை

விளம்பரம் ஒட்டிவிட்டுக் காத்திருந்தோம். மெத்தை தைக்கப் படிப்பிப்பீர்களா என்று கேட்டுச் சிலர் வந்தார்கள். தலையணை விலை கேட்டு ஒருவர் வந்தார். பிறகு முசலியிலிருந்து ஒரு வாப்பா, மகள் சப்னாவைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். எதையும் நன்றாகக் கேட்டுத்தான் வாங்குவார் போலிருந்தது.

நான் ஒரே மூச்சில் சொன்னேன். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் ஆபிரிக்காவிலும் விளைகிற பஞ்சு கப்பலேறி ஆசியாவில் இருக்கிற ஆலைகளுக்கு வருகிறது. நடுவில் அதன் தரம் பார்க்க, ஒப்பந்தம் எழுத, கப்பல் ஒழுங்குசெய்ய, பிணக்கு வந்தால் தீர்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத்தான் இங்கே உருவாக்கப்போகிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "முசலியில பஞ்சு விளையுதா, மிஸ்?" என்றார். இல்லை என்றேன். "மன்னார்த் தீவில?" அதுவும் இல்லை என்றேன். இதற்கிடையில் சப்னா மேசையிலிருந்த மாதிரிப் பஞ்சில் ஒரு பிடி எடுத்து, இழையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. வாப்பா அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பிள்ளை தூரத்துக்குப் போகத்தான் பிறந்திருக்கு. பேரைப் பதியுங்கோ, மிஸ்."

சோளகம் புகுந்த நாள்

பஞ்சின் நிறத்தை மின்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் ஏமாற்றிவிடும். பகல் வெளிச்சம் வேண்டும். அதற்காகவே மேல்மாடியில் பெரிய யன்னல்கள் உள்ள அறையாகப் பார்த்து எடுத்திருந்தோம். முதல் நாள் கறுப்புத் துணி விரித்து, ஒவ்வொரு நாட்டுப் பஞ்சையும் வரிசையாக வைத்தேன். புது மாப்பிள்ளைக்குச் சீர்வரிசை பரப்பினமாதிரி அவ்வளவு வடிவாக இருந்தது. நான் வாய் திறந்து "வணக்கம்" என்றதுதான் தாமதம், சரியான புழுக்கம் என்று யாரோ கடற்பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டார்கள்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. பிரேசில் முகட்டில் ஒட்டியது. ஆபிரிக்கா வாசலால் வெளியே போனது. அமெரிக்கா என் தலைமுடியில். எல்லோரும் கத்திக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினோம். பள்ளிமுனைக்காரன் அன்ரன், தகப்பனோடு கடலுக்குப் போய்வந்த பொடியன், சட்டையைக் கழற்றி வலைபோல் வீசிப் பஞ்சு பிடித்தான். அள்ளி வந்ததையெல்லாம் மேசையில் கொட்டினால் நாடுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துகிடந்தன. மூன்றாம் கிழமை படிப்பிக்க வைத்திருந்த பாடத்தை அன்றைக்கே படிப்பித்தேன்: நிறத்தைப் பார், இழையை இழுத்து நீளத்தைப் பார், இலைத்துகள் எவ்வளவு என்று பார், பிரித்து வை. பின்னேரம் ஆகும்போது பெரும்பகுதி பிரிபட்டுவிட்டது. எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் காயப்போட்ட பாயைப் பஞ்சோடு அப்படியே தூக்கிக்கொண்டு படியேறி வந்தா. "எந்த நாட்டுப் பஞ்செண்டாலும் எனக்குக் காரியமில்லை, மிஸ். என்ர செத்தல் மிளகாயிலயிருந்து அதை எடுத்துத் தாங்கோ."

பூசையில் வந்த ஞானம்

நிறம் பிரிக்கிற பாடத்தில் அன்ரனுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "எல்லாம் வெள்ளைதானே மிஸ்" என்பான். வெள்ளையில் பால்போல ஒன்று, கொஞ்சம் சாம்பல் கலந்தது ஒன்று, மஞ்சள் தட்டினது ஒன்று என்று எத்தனையோ தரம் காட்டினேன். தலையாட்டுவான், பிறகு எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைப்பான். மெசினைக் கொண்டு பார்க்கிற காலத்தில் கண் எதற்கு என்றும் ஒருநாள் கேட்டான். மெசின் சொன்னதை நம்பலாமா என்று பார்க்கத்தான் கண் என்றேன்.

ஒரு திங்கட்கிழமை, வகுப்புத் தொடங்க முன்னமே ஓடி வந்தான். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றான். "பிடிச்சிட்டன் மிஸ்! நேற்று மாதா கோயில் பூசையில பீடச்சீலை ஒரு வெள்ளை, முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைப் பிள்ளையளின்ர சட்டை வேற வெள்ளை, பூசை வைச்ச சுவாமியின்ர உடுப்பு இன்னொரு வெள்ளை. எல்லாம் தனித்தனியாத் தெரியுது!" நேரே மேசைக்குப் போய் மாதிரிகளைப் பிரித்தான், ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் கைதட்டினேன். வீட்டில்தான் பிரச்சினையாம். "சுவாமி பிரசங்கத்தில என்ன சொன்னவர் எண்டு அம்மா கேட்டவ, மிஸ். நான் யோசிக்காமல் 'கொஞ்சம் மஞ்சள் பிடிச்சிருக்கு' எண்டு சொல்லிப்போட்டன்."

கப்பல் எங்கே?

வியாபாரம் பேசிப் பழகுவதற்கு வகுப்பிலேயே ஒரு நாடகம் வைப்போம். ஆபிரிக்காவில் பஞ்சு விற்கிறவள் சப்னா. வாங்குகிற ஆலைக்காரி ராஜேஸ்வரி. மலையகத்திலிருந்து வந்து மடு வீதிப் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை அவள். தாய் தகப்பன் தோட்டமும் கூலிவேலையுமாக இருக்கிறார்கள். வகுப்பில் வாயே திறக்காதவள், அன்றைக்குத் தொலைபேசியைக் காதில் வைத்ததும் ஆளே மாறிவிட்டாள். "போன மாசமே வரவேண்டிய கப்பல் எங்கங்க? என் ஆலை நிக்குது, ஆளுங்க சும்மா உக்காந்திருக்காங்க!" சப்னாவும் விடவில்லை. "ஒப்பந்தத்தில புயலுக்கு விலக்கு இருக்கு, வாசிச்சுப் பாருங்கோ!" இருவரும் எழும்பி நின்று மேசையில் அடித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேநீர் கொண்டுவந்த கடைக்கார அண்ணன் தட்டோடு வாசலில் உறைந்து நின்றார். "தங்கச்சிமார், கப்பல் எப்பிடியும் வந்து சேரும். முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஆலையில் ஒரு பரீட்சை

பயிற்சி முடியும் தறுவாயில் நான் முன்பு அறிந்த ஒரு ஆலை மனேஜர் அழைத்தார். வந்திறங்கிய பொதிகளில் தரக்குறைவு இருக்கிறது, விற்றவன் ஒத்துக்கொள்ளவில்லை, மாதிரிகள் வெளிநாட்டு நடுவர்களிடம் போயிருக்கின்றன. உங்கள் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும், தரம் பிரிக்கிறது சரியென்றால் வேலைக்கு எடுக்கிறேன் என்றார். சப்னாவையும் அன்ரனையும் ராஜேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த பொதிகளை முதன்முதல் கண்ட ராஜேஸ்வரி, கோயிலில் நிற்பதுபோல் அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மூவரும் தனித்தனியே பார்த்தார்கள். மனேஜர் அருகில் வந்து, எல்லாமே மோசம் என்று எழுதினால் விற்றவனிடம் முழுப் பணத்தையும் கேட்கத் தனக்கு வசதி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பில் பகிடி இல்லை. ராஜேஸ்வரி நிமிர்ந்தாள். "இந்தப் பக்கத்துப் பொதிங்க கட்டை இழை சார், குப்பையும் இருக்கு. அந்தப் பக்கம் நல்ல பஞ்சு. நல்லத மோசம்னு எழுத மாட்டேன்." சப்னாவும் அன்ரனும் தங்களுக்கும் அதே முடிவுதான் என்றார்கள். பிள்ளைகள் கண்டதுதான் எங்கள் முடிவு என்று நானும் சொல்லிவிட்டேன். மனேஜர் தன் கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். திரும்பும் பஸ்ஸில் மன்னார்ப் பாலம் வரும்வரை ராஜேஸ்வரி அழுதாள். "என்னால எல்லாருக்கும் வேலை போச்சா, மிஸ்?" போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த வேறு ஆலைகளின் நம்பர்களைத் தேடத் தொடங்கினேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு, வகுப்பு நடக்கும்போதே அவருடைய அழைப்பு வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஒரு சிறு குவியலைத் தவிர, நடுவர்கள் பிரித்ததும் எங்கள் பிள்ளைகள் பிரித்ததும் ஒன்றே. கெட்ட பொதிகளுக்குப் பதிலாக வேறு பொதிகள் தர விற்றவனும் சம்மதித்துவிட்டான். பிள்ளைகள் எல்லாம் மோசம் என்று எழுதியிருந்தால் விற்றவன் ஒன்றையுமே நம்பியிருக்க மாட்டான் என்று மனேஜரே சொன்னார். அறை அதிர்ந்தது. அன்ரன் மேசையில் ஏறி நின்று கத்தினான். சப்னா ராஜேஸ்வரியைத் தூக்கிச் சுற்றினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மனேஜரின் குரல். "மூணு பேரும் வரட்டும். அந்தச் சண்டைக்காரப் புள்ளைய முதல்ல அனுப்புங்க. என்கிட்டயே மல்லுக்கு நின்னவ, விக்கிறவன சும்மா விடுவாளா?"

அடுத்த வகுப்பு

கதை தீவு முழுக்கப் பரவி, அடுத்த வகுப்புக்குக் கதிரை போதவில்லை. முன்வரிசையில், புதிதாகப் படிக்கச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் இருந்தா. பஞ்சு எங்கே விளைகிறது என்று நான் ஆரம்பிக்க முன்னமே கையை உயர்த்தினா. "அதெல்லாம் பிறகு சொல்லுங்கோ, மிஸ். மனேஜரோட எதிர்த்துக் கதைக்கிற பாடம் எந்தக் கிழமை?"

தேறினவர்களைச் சிரித்த முகத்தோடு பஸ் ஏற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களோடு அதே சந்தோஷத்துடன் மறுபடி முதல் பாடத்தைத் தொடங்குகிற எங்களைப்போன்ற வாத்திமாரை எந்தத் தரத்தில் சேர்ப்பது என்று மட்டும் எந்த நடுவரும் இன்னும் சொல்லவில்லை.