புஷ்பக விமானத்தில் போன சின்னம்மா

அந்தப் பெட்டி வண்டியின் முகப்பில் பத்துத் தலை இராவணன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலத்துப் பொருட்காட்சிக்கு அந்த ஆண்டுதான் அது வந்திருந்தது. சவுக்கு மரங்களை நட்டு, பனை உயரத்துக்கு மேடும் பள்ளமுமாகப் பலகைப் பாதை போட்டு, வண்டியைக் கயிற்றால் உச்சிக்கு இழுத்துச் சரிய விடுவார்கள். பெயர் புஷ்பக விமானம். வண்டியைச் செலுத்துபவனும் அட்டைக் கிரீடமும் ஒட்டு மீசையுமாக இராவண வேடத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பான்.

அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவுக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தப்பாதான் ஆசையாக அவளை ஏற்றிவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஓர் ஆள் உயரம்கூட ஏறியிருக்காது, குதித்துவிட்டார். கீழே அவருடைய ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். வண்டி நிற்கவில்லை; சின்னம்மா தனியாகப் போனாள். இறங்கி வந்தபோது கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று பெங்களூர்ப் பக்கம் போனால் இதைவிடப் பெரியவற்றில் பெண்கள் கத்திக்கொண்டே இறங்குகிறார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று அந்தச் சிரிப்பைச் சித்தப்பாவின் ஊர்க்காரர்கள் மன்னிக்கவில்லை.

சித்தப்பாவும் சின்னம்மாவும் ஊர் திரும்பும் முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது: இராவணனோடு போய் வந்தவள். குதித்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமியார் அவளைச் சூளகிரியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அம்மா பொதுக்கிணற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை "சீதை வூட்டுப் பொண்ணு" என்பார்கள். என்ன தப்பு நடந்தது என்று தெரியாமலே கூனிக் குறுகிப்போவேன்.

ஆவணியில் சித்தப்பா வந்தார். வாசலில் நின்று தரையைப் பார்த்தபடி, பயந்து குதித்தது தான்தான், அவள்மேல் தப்பில்லை என்றார். அப்பா மனம் இளகி, சின்னம்மாவைக் கிளம்பச் சொன்னார். அவள் அசையவில்லை.

"இத இங்க வந்து சொல்லாதீங்க. உங்க ஊர்ல போய்ச் சொல்லுங்க."

சாப்பிடாமலே போய்விட்டார். இனி வரமாட்டார் என்று அம்மா அழுதாள்.

கேழ்வரகு அறுப்பு முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். முகம் கறுத்துச் சிறுத்திருந்தது. தன் ஊர்க் கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தபோது உண்மையைச் சொன்னதையும், அவருடைய அம்மா பாதியில் எழுந்து போனதையும் அப்பாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். சின்னம்மாவை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை அவரால்.

"சிரிச்சாங்களா?" என்று அவளே கேட்டாள்.

"இன்னும் சிரிக்கறாங்க."



"சரி. இனி ரெண்டு பேருமாக் கேட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சின்னம்மா துணிமூட்டையை எடுத்துவர உள்ளே போனாள்.