பிறைக்குக் காத்திருந்த நான்கு டிக்கெட்டுகள்

எங்கள் அத்தா எந்தப் பொருளையும் வந்த அன்றைக்கே விற்றதில்லை. கொச்சியில் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. மழைக்கு முன்னால் வந்த மூட்டை மழை முடிகிறவரை கிடங்கில் இருக்கும். மழை முடிந்தால் "ஓணம் கழியட்டும்" என்பார். ஓணம் கழிந்தால் வேறு எதுவோ கழிய வேண்டியிருக்கும். நன்றாகக் காய்ந்த சரக்கு காத்திருந்தால் கெடாது, காத்திருக்கத் தெரியாத வியாபாரிதான் கெடுவான் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ஆனாலும் வீட்டில் அதற்குத்தான் ஆட்சி.

ஆகவே, நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், மாமா நான்கு தீம் பார்க் டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து அத்தாவின் கையில் கொடுத்தது பெரிய பிழை. என் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

மாமா அம்மாவின் தம்பி. காக்கநாட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கலூரில் நண்பர்களோடு வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் சோறு. டிக்கெட்டுகள் அவருடைய ஆபீசில் அன்பளிப்பாகக் கொடுத்தவை. மூன்று பெரியவர்களுக்கு, ஒன்று சிறுவருக்கு. அப்போது வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை என்பதால் கணக்கு சரியாக இருந்தது.

அத்தா அவற்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுக்கை முகர்வதுபோல முகர்ந்துகூடப் பார்த்தார் என்று மாமா பிற்பாடு சொல்லித் திரிந்தார். அது பொய்யாகவும் இருக்கலாம்.

"செரி, ஒரு நல்ல நாளாப் பாத்துப் போவோம்" என்று சொல்லி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மூட்டை கிடங்குக்குள் போய்விட்டது என்று எனக்கு உடனே புரிந்தது.

விடுமுறை முழுக்க அந்த நல்ல நாள் வரவில்லை. ஒரு நாள் வெயில் அதிகம் என்றார். ஒரு நாள் விஷு கூட்டம் என்றார். இன்னொரு நாள் இடுக்கியிலிருந்து சரக்கு வந்து இறங்கியது. பள்ளிக்கூடம் திறந்தது, மழையும் தொடங்கியது, நோன்பு மாதமும் பிறந்தது. ஒருநாள் அத்தா எதற்கோ அலமாரியைத் திறந்தபோது நான் அவர் கைக்குக் கீழே புகுந்து டிக்கெட்டை எடுத்துவிட்டேன்.

எனக்கு அப்போது எதை எடுத்தாலும் படிக்கிற வியாதி இருந்தது. பிஸ்கட் பாக்கெட், மருந்துச் சீட்டு, பஸ்ஸின் பின்பக்கம், எதையும் விடமாட்டேன். டிக்கெட்டின் முன்பக்கம் ராட்டினம், பின்பக்கம் எறும்பு வரிசை போல ஆங்கிலம். அதில் கடைசித் தேதி இருந்தது. நோன்பு முடிகிற வாரத்தின் புதன்கிழமை.

"அத்தா, இது எக்ஸ்பயரி ஆயிடும்."

"மிளகுக்கு ஏது மோளே எக்ஸ்பயரி?"

"இது மிளகில்ல அத்தா. காகிதம்."

"பாக்கெட்டுல போடுற தேதி எல்லாம் சும்மா ஒரு முறைக்குப் போடுறது. தேதி போனா வாசம் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்" என்றார் அத்தா. இருபது வருட வியாபார அனுபவத்தின் முன்னால் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் என்ன செய்யும்? ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "செரி, பெருநாளைக்குப் போவோம். அதுவும் அந்த வாரம்தானே?"

நான் மறுபடி எறும்பு வரிசைக்குள் போனேன். பொது விடுமுறை நாளில் இந்த டிக்கெட் செல்லாது என்று இருந்தது. வருகிற நாளை ஒரு நாள் முன்பே போனில் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தது. தேதியை எக்காரணத்தாலும் நீட்டித் தரமாட்டோம் என்று, எங்களை நேரில் பார்த்ததுபோல, தடித்த எழுத்தில் இருந்தது.

அந்த ஞாயிறு மாமா வந்ததும் அவரிடம் ஒப்பித்தேன். "வக்கீலம்மா, கொண்டா பாப்போம்" என்று வாங்கிப் படித்தார். பிறகு காலண்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மச்சான், பாத்துக்கிடுங்க. காலண்டர்ல செவ்வாய்க்கிழமை பெருநாள் லீவு போட்டிருக்கு. திங்கக்கிழமை சாயந்திரம் பிறை தெரிஞ்சா செவ்வாய் பெருநாள், புதன் பார்க்குக்குப் போயிடலாம். பிறை தெரியலேன்னா முப்பது நோன்பும் முழுசா ஆகி புதன்தான் பெருநாள். அன்னிக்கு லீவு. அன்னிக்கே டிக்கெட்டோட கடைசி நாள். கதை கழிஞ்சு."

"அதுக்கு முன்னால நோன்போடவே போயிட்டு வந்தா என்ன?" என்றேன் நான்.

"தண்ணிக்குள்ள குதிச்சு மூக்கு வழியா நோன்பைத் திறக்கவா?" என்றார் மாமா.

அப்படியாக, ஒரு தீம் பார்க்கின் டிக்கெட் வானத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த நோன்பில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அம்மாவைவிட நான் அதிக நோன்பு பிடித்தேன். அம்மா பகலில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு கஞ்சி குடிப்பதை நானே பார்த்தேன். வயிறு சரியில்லை என்றாள். முந்தின வருடமும் வயிறு சரியில்லாமல்தான் ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்துவிட்டு, வெளுத்துப்போய்த் திரும்பி வந்திருந்தாள். அதிலிருந்து அத்தா அவளிடம் உரக்கப் பேசுவதில்லை. தண்ணீர்க் குடத்தை அவரே தூக்கினார். நான் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. வகுப்பில் போய், எங்கள் வீட்டில் அம்மாவே எனக்குப் பின்னால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சாயந்திரம் மாமா ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து, என்னைப் பைக்கில் வைத்து ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கு முன்பே அங்கே நிறையப் பேர் மேற்கே பார்த்து நின்றிருந்தார்கள். மேற்கு என்று ஒன்று இல்லவே இல்லை. கடலும் மேகமும் ஒரே சாம்பல். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தேன். ஒரு கிழிசல் விழுந்தால் போதும், நகத்துண்டு அளவு தெரிந்தால் போதும்.

"கோழிக்கோட்டுப் பக்கம் தெரிஞ்சிருக்கும். அங்கே தெரிஞ்சா நமக்கும் கணக்குத்தான்" என்று மாமா தேற்றினார். அவருடைய போனில் செய்தி மேல் செய்தியாக வந்தது. ஒன்று தெரிந்தது என்றது. அடுத்தது அது போன வருடத்துப் படம் என்றது. அம்மாவின் ஊரான கம்பத்திலிருந்து பெரியம்மா மகன், எங்களுக்கு நாளைக்குக் கிடையாது, உங்களுக்கு எப்படி என்று கேட்டிருந்தான். தமிழ்நாட்டுப் பிறை வேறு, எங்கள் பிறை வேறு. பெரும்பாலும் நாங்கள் ஒரு நாள் முந்திப் பெருநாள் கொண்டாடி அவனைக் கேலி செய்வோம். அந்த வருடம் வானம் அவனையும் எங்களையும் சமமாக நடத்தியது. வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. பிறை தெரியவில்லை. புதன்கிழமைதான் பெருநாள்.

நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடு மோளே. அடுத்த வருஷம் அத்தாவே டிக்கெட் எடுத்துத் தரேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அதோடு ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

செவ்வாய் காலையில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காத அம்மா, டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அத்தாவின் போனிலிருந்து பார்க்குக்குப் பேசினாள். மலையாளத்தில், மீன்காரரிடம் விலை கேட்கிற அதே அமைதியில்.

"உங்க லிஸ்டுல லீவு நாள் என்னைக்குப் போட்டிருக்கு?"

"இன்னைக்கு, சேச்சி. பெருநாளல்லே" என்றாள் எதிர்முனைப் பெண். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அப்ப புதன்கிழமை?"

"புதன் லிஸ்டுல இல்ல. சாதா நாள்தான்."

"நாலு டிக்கெட் இருக்கு. புதன்கிழமைக்குப் பதிஞ்சுக்குங்க. பதிஞ்ச பிறகு மாத்திட மாட்டீங்களே?"

"பதிஞ்சா பதிஞ்சதுதான், சேச்சி."

அம்மா டிக்கெட் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்லாம் எழுதிக்கொண்ட பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு ஏதோ உறைத்தது. "அப்ப பெருநாள் நாளைக்கோ?" என்று கேட்டாள். "ஆமா, உங்களுக்கும் வாழ்த்து" என்று அம்மா போனை வைத்தாள். அன்று மதியம்தான் அரசாங்கம் புதன்கிழமைக்கும் விடுமுறை அறிவித்தது. வானத்தைப் பார்த்துப் பெருநாள் வைக்கிறவர்களுக்கும் காலண்டரைப் பார்த்து லீவு வைக்கிறவர்களுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி இருந்தது. அம்மா அதற்குள் எங்கள் நால்வரையும் நுழைத்துவிட்டாள்.

ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட மாமா கைதட்டினார். "பொண்ணுதான் வக்கீலுன்னு நெனச்சேன். அசல் வக்கீலு இங்கே கிடக்கு."

அத்தா மட்டும் சிரிக்கவில்லை. "இந்த மழையில, அந்த ரோட்டுல..." என்று இழுத்தார்.

"மெதுவாப் போனாப் போச்சு" என்றாள் அம்மா. "டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு. இப்பப் போகலேன்னா பின்ன கொஞ்ச நாளைக்கு எங்கேயும் நகர முடியாது. அவளும் எத்தன நாளாக் காத்துக்கிட்டிருக்கா."

எனக்கு ஓணப் பரீட்சை வரப்போவதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். டாக்டர் என்ற சொல் காதில் விழுந்தது, வயிற்றுவலிக்கு என்று அதையும் கடந்துவிட்டேன்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் கிளம்பினோம். மாமா நண்பரின் காரை வாங்கி வந்திருந்தார். அம்மா விடியலிலேயே தம் போட்ட பிரியாணி பெரிய டப்பாவில் என் மடியில் சுட்டது. சுள்ளிக்கல் தாண்டுவதற்குள் அத்தா, "மாப்ளே, குழி, மெல்ல" என்று சொல்லத் தொடங்கியவர், போய்ச் சேருகிறவரை நிறுத்தவில்லை. ஒவ்வொரு குழிக்கும் கார் ஒரு மூட்டை மிளகைத் தலையில் சுமந்தவன்போல இறங்கி ஏறியது. டிக்கெட்டைப் பூட்டிவைத்தது போதாதென்று இப்போது காரையும் பிடித்து வைக்கிறாரே என்று நான் பல்லைக் கடித்தேன்.

வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதும் எறும்பு வரிசையில் இருந்தது. அதனால் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே, மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புதுத் துணியோடு காருக்குள் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. நான் அதில் விரலால் ஒரு பிறை வரைந்தேன்.

வாசலில் ஒரு கம்பம். அதில் இரண்டு கோடுகள். மேல்கோட்டுக்கு மிஞ்சினால் சிறுவர் டிக்கெட் செல்லாது. நான் முழங்காலை மடக்கி நின்றேன். "மோளே, நேரே நில்லு" என்றார் வாசல்காவல் சேட்டன். நேரே நின்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோடு என் தலைமுடியைத் தொட்டது. "அடுத்த மாசம் வந்திருந்தா பெரியவங்க டிக்கெட்தான்" என்று சிரித்து உள்ளே விட்டார். உள்ளே போனதும் ராட்டினக்காரர்களிடம் குதிகாலை உயர்த்தி நெட்டையாக நிற்க வேண்டியிருந்தது. அங்கே குள்ளமாக இருந்தால் ஏற்றமாட்டார்கள், அது வேறு வகைச் சட்டம்.

அந்த நாளை நான் விவரிக்கப் போவதில்லை. விவரித்தால் நிறுத்தமாட்டேன். மழையில் கூட்டமே இல்லை. சறுக்குத் தண்ணீரில் மாமாவோடு விழுந்து எழுந்து மறுபடி விழுந்தேன். அத்தாகூட ஒரு தடவை வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, கண்ணை இறுக மூடிச் சறுக்கினார். அம்மா மட்டும் எதிலும் ஏறவில்லை. பைகளைக் காத்துக்கொண்டு கூரைக்கடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கையசைத்தாள். இவ்வளவு சாமர்த்தியம் பண்ணி வந்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறாளே, நான்காவது டிக்கெட் வீணாகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "நான் இங்கேயிருந்தே எல்லாத்துலயும் ஏறிட்டேன், நீ போ" என்றாள்.

வெளியே வரும்போது மழை விட்டிருந்தது. அம்மா அந்தக் கம்பத்தருகே நின்றுவிட்டாள்.

"சேட்டா, இந்தக் கீழ்க்கோடு எதுக்கு?"

"அதுக்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு டிக்கெட்டே வேண்டாம், சேச்சி. சும்மா உள்ளே போகலாம்."

"அதுக்குக் கடைசித் தேதி உண்டா?"

"வளர்ந்து கோட்டைத் தாண்டுற வரைக்கும்தான்" என்றார் அவர்.

அம்மா குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு அத்தாவைப் பார்த்தாள். காலையிலிருந்து குழிகளை எண்ணிக்கொண்டு வந்த அத்தா, "இது அடுத்த வருஷமும் இங்கேயேதானே இருக்கும்?" என்று சேட்டனிடம் கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். மாமா என் தலையைத் துவட்டுகிற சாக்கில் துண்டால் என் முகத்தை மூடினார்.

துண்டை விலக்கிவிட்டு நானும் அந்தக் கோட்டைப் பார்த்தேன். என் இடுப்புக்குக்கூட வரவில்லை. அதற்குக் கீழே நிற்க எங்கள் வீட்டில் யாரும் இல்லையே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தாள்.