மஞ்சளடித்த நாற்பது மூடிகள்

வெந்நீரில் அலசி எடுத்த அலுமினிய வார்ப்பு, கையுறையைத் தாண்டியும் இளஞ்சூடாக இருக்கும். கூடவே மூக்கை அரிக்கும் ஆசிட் நெடி...

இளம்பிள்ளை ரோட்டில் ஒரு நிக்கல் பிளேட்டிங் பட்டறை. அது என் முதல் வாரம். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். நிக்கல் பூசிய பம்ப் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியில்லாததைச் சிவப்புத் தட்டில் ஒதுக்குவது என் வேலை.

அன்று அம்மா வாங்கித் தந்த மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன்.

கண்ணாடி போலப் பளபளத்தாலும், எடுத்த மூடியெல்லாம் மஞ்சளடித்தது. நாற்பதை ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கினால் பூச்சை உரித்து மறுபடி பூச வேண்டும். நான்கு மணிக்கு லாரி.

நிக்கல் பூசும் தொட்டியில் வேலை பார்த்த செல்வி வந்து நின்றாள். என் வயதுதான்.

"ஏனுங்க மேடம், என்ற தொட்டி மேல அப்படி என்னங்க கோவம்?"

"மஞ்சளா இருக்குதுங்க..." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு மூடியை வாங்கித் தன் நீல ஏப்ரனுக்கு முன்னால் பிடித்தாள். மூடி நீலமானது. என் பக்கம் திருப்பினாள். மஞ்சள்.

"பூச்சுல ஒண்ணுமில்லீங்க. நீங்க உங்க சுடிதாரத்தான் ரிஜெக்ட் பண்ணி வெச்சிருக்கீங்க."

பட்டறையே சிரித்தது.

சுடிதார் தெரியாதபடி வெள்ளைத் தாளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, நாற்பதையும் மறுபடி பார்த்தேன். மூன்றில் மட்டும் விளிம்பை ஒட்டி ஊசி குத்தியது போலப் புள்ளிகள்.

லாரி வந்துவிட்டது. இப்போதுதான் சிரித்து முடித்திருக்கிறார்கள். பேசாமல் அனுப்பிவிட்டால் இங்கே யாருக்கும் தெரியாது...

"செல்வி, இந்த மூணு மட்டும் போகக்கூடாதுங்க."

"இது எந்தச் சுடிதாருங்க?"

புள்ளிகளைக் காட்டி ஒன்றை நீட்டினேன். நகத்தால் தடவினாள். நகம் மாட்டியது.

"வார்ப்புலயே ஓட்டைங்க இது. நிக்கல் மறைச்சுரும்னு பாத்தா, இன்னும் பளிச்சுனு காட்டிக் குடுத்துருச்சு... எடுத்து வைங்க. லாரிக்காரருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

இப்போது அதே பட்டறையில் ஆய்வுக்குத் தனி அறை, வெள்ளை விளக்கு, எல்லோருக்கும் சாம்பல் நிறக் கோட்டு. சந்தேகம் வந்தால் போட்டோ எடுத்துப் பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும்; யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் பேச இன்றும் கூச்சம்தான். ஆனால் நிறுத்த வேண்டியதை நிறுத்திவிடுகிறேன்.

செல்வி கல்யாணமாகி வெண்ணந்தூர் போய்விட்டாள்.

நேற்று ஒரு தட்டு மூடிகளை அப்படியே நிறுத்தினேன். குரூப்பில் வரிசையாகக் கட்டைவிரல் வந்தது.

சண்டைக்கு வரத்தான் ஒருத்தியும் இல்லை.