கழகச் செயலாளரின் கணவன்

என் மனைவி மல்லாவியில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். நான் ஆட்டங்களுக்கு விசில் ஊதும் மத்தியஸ்தர். இந்த இரண்டு வேலைகளும் ஒரே வீட்டுக்குள் இருந்தால் சண்டைதான் என்று எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சண்டை வந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நினைத்த மாதிரி வரவில்லை.

அவள் ஒருநாளும் பந்து உதைத்தவள் இல்லை. மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கலியாணம் முடித்து இங்கே வந்தபின் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினாள். அந்த நேரம் கழகத்தின் பழைய செயலாளர் வெளிநாடு போய்விட்டார். அந்தப் பதவிக் கதிரைக்கு வேறு ஆட்கள் வரவில்லை. கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுத ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று இவளைக் கேட்டார்கள். இவளும் ஓம் என்றாள்.

முதல் சில கூட்டங்களில் அவள் வாய் திறக்கவில்லை என்று கேள்வி. பிறகு ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறாள், எங்கள் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஏன் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலேயே விளையாட்டை விட்டுவிடுகிறார்கள் என்று. விடை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் மணல் ஏற்றப் போகிறான், ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், ஒருவன் கட்டாருக்கு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறான்.

"அப்ப விளையாடுறதுக்குச் சம்பளம் குடுப்பம்" என்றாளாம்.

கழகத் தலைவர் அவளைவிட முப்பது வயது மூத்தவர். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கதை பிள்ளை இது? காசு வாங்கி விளையாடினால் ஊர்ப்பற்று போயிடும்."

"ஐயா, பஸ் ஓடுறவருக்குச் சம்பளம் குடுக்கிறம். அதுக்காக அவர் எங்களைப் பத்திரமாக் கொண்டு போகாம விடுறாரோ?"

அன்றைக்கு அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அவள் நிற்கவில்லை. சம்பளம் கொடுக்க ஆட்டத்துக்கு நுழைவு ரிக்கற் விற்க வேண்டும், ரிக்கற் விற்கச் சனம் வர வேண்டும். சனத்தில் பாதி ஏன் வருவதில்லை என்று யோசித்தாள். அடுத்த கூட்டத்தில் அவள் கேட்டது புது ஜேர்சியும் இல்லை, புதுப் பந்தும் இல்லை. மைதானத்தோடு பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கட்ட வேண்டும் என்றாள். சிரிக்காத ஆள் இல்லை. கேள்விப்பட்டு நானும் சிரித்தேன்.

"நீங்கள் சிரியுங்கோ" என்றாள் வீட்டில். "நாலு மணிக்கு வந்து ஆறரை வரைக்கும் இருக்க வேணும். ஒதுங்க இடமில்லாட்டி எந்தப் பொம்பிளை வருவா?"

தன் ஆலை முதலாளியைப் பிடித்துக் கட்டியே விட்டாள். வேலை நடந்த நாட்களில் சீமெந்து குழைக்கிற இடத்தில் நின்றுதான் மத்தியானச் சோறு சாப்பிட்டாள். அந்த வருடம் பெண்கள் வந்தார்கள். தாய்மார் வந்தார்கள், அவர்களோடு பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் வந்ததால் ஐஸ்கிறீம்காரரும் கடலைக்காரரும் வந்தார்கள். வாசலில் முதன்முதலாக வரிசை நின்றது. அறுவடைக் காலத்தில் ஆட்டம் வைக்கக்கூடாது என்பதும், ஆட்டத்துக்கு முன் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து புழுதியை அடக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட ஒழுங்குகள்தான். ரிக்கற் காசைக் கண்டபின் தலைவரும் மறுக்கவில்லை; எங்கள் பக்கத்தில் மாதச் சம்பளம் வாங்கி விளையாடிய முதல் அணி அதுதான். சிரித்த கழகங்கள் ஒவ்வொன்றாக வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டன. அவள் பிளேன்ரீ கொடுத்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"எதிராளிக்கு ஏன் சொல்லிக் குடுக்கிறீர்?" என்று நான் கேட்டேன்.

"அவையளும் நல்லா இருந்தாத்தானே எங்களோட விளையாட ஆள் இருக்கும்."

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். அவளுடைய அணி விளையாடும் ஆட்டங்களுக்கு நான் விசில் ஊதுவதில்லை என்பது எங்களுக்குள் பேச்சு. ஆனால் ஓர் அரையிறுதி நாளில், வரவேண்டிய மத்தியஸ்தர் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். எதிரணி மாங்குளத்திலிருந்து வந்திருந்தது. அவர்களின் முகாமையாளரே சொன்னார்: "இவரையே போடுங்கோ. மனுசியின்ர ஆள் எண்டு பேர் வந்திடும் எண்ட பயத்தில எங்களுக்குத்தான் சாதகமா ஊதுவார்."

நான் ஊதியது பயத்தில் இல்லை. ஆட்டம் சமநிலையில் முடியப் போகிற நேரம், அவளுடைய அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டது. பெனால்டி எல்லைக்கு உள்ளே. நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். விசில் ஊதிவிட்டுக் கையை நீட்டினேன்.

மைதானம் முழுக்க ஊளை. அவளுடைய அணித்தலைவர் கைப்பட்டியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். "வாங்கோடா, போவம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். அப்போதுதான் மனைவி வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதைக் கண்டேன். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்காமலே கடந்து போய் அவர்களின் முன்னால் நின்றாள்.

"எங்க போறியள்?"

"அக்கா, அது கை இல்லை. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சதை விடுங்கோ. வெல்லுறதுக்கு இல்லை, விளையாடுறதுக்குத்தான் சம்பளம் வாங்கிறியள். ரிக்கற் எடுத்துச் சனம் இருக்குது. முடிச்சுப்போட்டு வாங்கோ."

அணித்தலைவர் எறிந்த இடத்துக்குத் திரும்பி நடந்தார். குனிந்து கைப்பட்டியை எடுத்தார். அவர்கள் திரும்பி வந்தார்கள், பெனால்டி கோலானது, அவளுடைய அணி தோற்றது. அனுமதியில்லாமல் மைதானத்துக்குள் வந்ததற்காக, ஆட்ட அறிக்கையில் செயலாளரின் பெயரையும் எழுதினேன். எழுதாமல் விட முடியாது.

வந்ததும் போனதும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான். பின்னால் இருந்தவள் குளக்கட்டுத் திருப்பத்தில் வாய் திறந்தாள். கோபம் ஏறினால் அவளுக்குத் தாயின் மலையகப் பேச்சு வந்துவிடும்.

"அதெப்படிங்க பெனால்டி குடுப்பீங்க? அவன் கைய உடம்போட ஒட்டித்தானே வச்சிருந்தான்!"

"ஒட்டி இல்லை. விரிச்சிருந்தவன்."

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியும் தோள் குலுங்கிவிட்டது. முதுகில் ஒரு குத்து விட்டாள். பிறகு அவளும் சிரித்தாள்.

சில வாரங்களுக்குப் பின், குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாக் கழகமும் வாற கூட்டத்துக்கு ஒரு பிரேரணை கொண்டு போறன். அதில நீங்கள் அடிபடுவியள்."

"என்னெண்டு?"

"மத்தியஸ்தருக்கும் பொதுக் காசில சம்பளம். ஆனா கழக நிர்வாகியளின்ர சொந்தக்காரர் இந்தச் சுற்றுப்போட்டியில ஊத ஏலாது. எந்த ஆட்டத்துக்கும்."

அது சரியென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. பிரேரணை ஒருமனதாக நிறைவேறியது. ஒரு கிழமை, ஏழு நாளும், அவளோடு அளந்துதான் பேசினேன். அவளும் சமாதானம் பேச வரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பிடித்த ஒடியல் கூழும் மீன் பொரியலுமாகவே சமைத்தாள்.

இப்போது பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு மட்டும் ஊதுகிறேன். பெரிய ஆட்டங்களுக்கு ரிக்கற் எடுத்துப் பார்க்கிறேன். அப்படி முதல் தடவை சனத்தோடு இருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பெனால்டிக்குச் சண்டை பிடித்தவள் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. பவுசர்க்காரருடன் பேசுகிறாள், கால் பிசகிய ஆட்டக்காரரின் தாயைக் கையைப் பிடித்து நிழலில் இருத்துகிறாள், வாசலில் ரிக்கற் கிழிப்பவருக்குத் தண்ணீர் கொண்டு போகிறாள். இவ்வளவு காலமும், மற்றக் கழகங்களின் ஆட்டங்களுக்கு நான் ஊதும்போது, கோட்டுக்கு வெளியே நின்று என் விசிலைத்தான் கவனிக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஆட்டம் முடிந்து சனம் கலைந்தபின், வியர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தாள். "இஞ்சேருங்கோ, என்ன மாதிரி முடிஞ்சது?"

"ரெண்டுக்கு ஒண்டு. நாங்கள்தான் வெண்டது."

"நாங்களோ?" என்று, என் வாயில் முதன்முதலாக வந்த அந்தச் சொல்லைப் பிடித்துக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்புக்கு, கோல் கம்பத்தில் வலை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.