விமானியின் பிழையாம்

1. நான்கு கட்டங்கள்

ஒஸ்லோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பொறுப்பாளர் பியோர்ண் என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சுவரைக் காட்டினார். சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் விழுந்து நொறுங்கிய ராணுவ விமானங்களின் விசாரணை அறிக்கைகள் அவை. ஒவ்வொன்றையும் ஸ்கான் பண்ணி, வாசித்து, கணினியில் நான்கு கட்டங்களை நிரப்பவேண்டும். யார், எங்கே, காரணம் என்ன, காரணம் உறுதியா இல்லையா.

“பழைய எழுத்து. வாசிச்சால் விளங்குமோ?” என்று கேட்டார். கேட்டது நோர்வேஜிய மொழியில்தான். இந்தக் குறிப்பில் எல்லாரையும் எங்கடை தமிழிலேயே கதைக்க விடுகிறேன்.

“ஓம், எல்லாம் விளங்கும்” என்றேன். பதின்மூன்று வருடம் ஹோட்டல் அறைகளைத் துடைத்துவிட்டு மேசை வேலைக்கு வந்தவன் வேறென்ன சொல்வான்? மொழி வகுப்பில் நான்தான் முதல். அகராதியைத் திறப்பதை மானக்கேடாக நினைத்த மடையனும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய ஆள் நான். விமானிக்கும் ஒரு வீடு, பிள்ளைகள் இருக்கும் என்று அந்தப் பெட்டிகளைத் திறக்கும்வரை நினைத்ததில்லை. சிலவற்றில் மனைவிமார் எழுதிய கடிதங்களும் இருந்தன. அவற்றை வாசிக்காமல் ஸ்கான் பண்ணப் பழகிக்கொண்டேன்.

2. இங்கெர்

சேர்ந்த அடுத்த வருடம் ஹவுகெட்டோவிலிருந்து இங்கெர் என்ற அம்மா வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா விமானி. இங்கெருக்கு நாலு வயதாக இருந்தபோது, மேலெழும்பிய விமானம் எஞ்சின் நின்று, திருப்ப முயன்ற இடத்தில் கடலில் விழுந்தது. அப்பாவும் கூடப்போன மெக்கானிக்கும் செத்துப்போனார்கள்.

“அம்மா சாகும்வரைக்கும் அந்த மெக்கானிக்கைத்தான் திட்டினவ. எஞ்சினை ஒழுங்காப் பாக்கேல்லை எண்டு ஊரெல்லாம் சொன்னவ” என்றார் இங்கெர். “அந்த மெக்கானிக்கின்ரை தங்கச்சி இன்னும் வடக்கிலை உயிரோடை இருக்கிறா. தொண்ணூறு வயது. ஆரிலை பிழை எண்டு எனக்குத் தெரியவேணும்.”

அந்த அறிக்கையைப் பதிந்தது நான்தான். திரையைத் திருப்பிக் காட்டினேன். காரணம்: விமானியின் பிழை. உறுதி: ஆம்.

இங்கெர் இரண்டு தரம் வாசித்தார். “அப்ப அந்தக் குடும்பத்திட்டை நான் மன்னிப்புக் கேக்கவேணும். கடிதம் எழுத எனக்குக் கொஞ்ச நாள் எடுக்கும்” என்றார். மேல்கோட்டின் பொத்தானை அவரால் பூட்ட முடியவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன்.

3. டி-பானே ஓடிய ஞாயிறு

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, புருசெத்தில் எங்கள் வீட்டில், மகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வழக்கம்போல நோர்வேஜியம் கலந்து சொன்னாள்: “நாளைக்கு விஸ்ட்நொக் டி-பானே ஓடாதப்பா.”

ஞாயிறு கோயிலில் எனக்கு உபயம். டி-பானே என்கிற சுரங்க ரயில் இல்லையென்றால் எப்படிப் போவது? மனைவியைச் சமாளித்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் திருநீற்றோடு வந்து கதவைத் தட்டினார். டி-பானேயில்தான் போய் வந்தாராம். எனக்கு வந்ததே கோபம்.

“நிச்சயம் ஓடாது எண்டு சொன்னாயெல்லே?” என்று மகள்மேல் பாய்ந்தேன்.

“நான் எங்கை நிச்சயம் எண்டனான்? விஸ்ட்நொக் எண்டுதானே சொன்னனான்.”

“அதுதானே. விஸ்ட் எண்டால் நிச்சயம். நொக் எண்டால் போதும். போதுமான அளவு நிச்சயம்.”

பதினைந்து வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அப்பா, அது நிச்சயமே இல்லை. நீங்கள் அம்மாவோடை கதைக்கேக்கை ‘அவர் லண்டனுக்குப் போறாராம்’ எண்டு சொல்லுவியள் பாருங்கோ, அந்த ‘ஆம்’ தான் அது.”

அவள் சிரித்து முடிக்கவில்லை. அதே சொல்லைக் காப்பகத்தில் வாசித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் இங்கெருடைய அப்பாவின் பெட்டியை இறக்கினேன். கடைசித் தாளில் அந்த வரி இருந்தது: விஸ்ட்நொக் விமானியின் பிழை. விமானியின் பிழையாம். அவ்வளவுதான். விசாரித்தவர்களுக்கே தெரியவில்லை. ஒரு ‘ஆம்’ போட்டு முடித்திருக்கிறார்கள். நான் அந்த ‘ஆம்’ஐ விழுங்கிவிட்டு ஒரு செத்த மனிதன்மேல் தீர்ப்பெழுதியிருக்கிறேன். வேறு பெட்டிகளிலும் அதே பிழை. ஒருத்தருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

இங்கெரின் தொலைபேசி எண் என் மேசையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. என்னுடையது தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா என்று அந்த மாதம்தான் முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் மொழி தெரியாதவன் என்று பெயர் எடுக்கவேண்டுமா? அந்த அம்மா இன்னும் எழுதியிருக்க மாட்டார் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்ட மூன்று வாரங்கள் அவை.

4. பதில்

நிரந்தரக் கடிதம் கைக்கு வந்த அன்று பின்னேரம் இங்கெரை அழைத்தேன். சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதைச் சொன்னேன். காரணம் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

“கடிதம் போட்டு இரண்டு கிழமையாச்சு” என்றார். “நேற்றுத்தான் மெக்கானிக்கின்ரை தங்கச்சியிட்டை இருந்து பதில் வந்தது. அண்ணையிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சிட்டுது, இனி நிம்மதியாக் கண்மூடுவன் எண்டு எழுதியிருக்கிறா.”

“பிழை என்னிலை எண்டு எழுதித் தரட்டோ? அவவுக்கு அனுப்பலாம்.”

“வேண்டாம். தொண்ணூறு வயதுக்காரியிட்டைக் குடுத்ததைத் திருப்பிப் பறிக்கேலாது. பிழை அப்பாவிலையே இருக்கட்டும்.” பிறகு கேட்டார்: “உங்களுக்கு இது எப்ப தெரிய வந்தது?”

“இப்பத்தான்” என்றேன்.

இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டில் பெரிய சொற்கள் உங்களைக் கவிழ்க்காது, அவற்றுக்கு நீங்களே அகராதி பார்ப்பீர்கள். தெரியுமென்று நினைக்கிற சின்னச் சொல்லுக்குப் பாருங்கள். பிழை விட்டது தெரிந்தால் அன்றைக்கே தொலைபேசியை எடுங்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் காப்பகத்திலேயே வேலை செய்தேன். கெட்டிக்காரன் என்ற பெயரோடு வெளியே வந்தேன். ஆனால் அன்று இங்கெர் தொலைபேசியை வைக்கமுன் சொன்னது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

“தெரிஞ்ச உடனேயே எடுத்துச் சொன்னியள். அதுக்குப் பெரிய நன்றி.”